வேம்புக்கு எத்தனை குடும்பம்?

வேம்பு, மலைவேம்பு, நிலவேம்பு, சிவனார் வேம்பு, சர்க்கரை வேம்பு, கறிவேம்பு. பெயரை மட்டும் பார்த்தால் இந்த ஆறும் பங்காளிகள் என்றுதான் தோன்றும். தாவரவியல் கணக்கில் இவை ஐந்து குடும்பங்களில் சிதறிக் கிடக்கின்றன. வேம்பு, அதாவது அசாடிராக்டா இண்டிகா, மீலியேசி குடும்பம். மலைவேம்பு (மீலியா டூபியா) மட்டுமே அதற்கு உண்மையான உறவு. நிலவேம்பு (ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா) ஆடாதோடையும் கனகாம்பரமும் இருக்கும் அகாந்தேசியைச் சேர்ந்தது. சிவனார் வேம்பு (இண்டிகோஃபெரா ஆஸ்பலதாய்டஸ்) அவுரியின் இனம். அவரை, துவரையோடு ஃபேபேசியில் வருகிறது. சர்க்கரை வேம்பு (ஸ்கோபாரியா டல்சிஸ்) பிளான்டாஜினேசி. கறிவேம்பு என்னும் கறிவேப்பிலை ரூட்டேசி. அதன் நெருங்கிய சொந்தங்கள் எலுமிச்சையும் நாரத்தையும் வில்வமும்.

தமிழ்ப் பெயர் தவறு என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். பெயர் வைத்தவர் கண்டது கசப்பை, இலையின் சாயலை, மருந்துப் பயனை. வேப்பிலை போன்ற இலை, ஆனால் கறிக்கு ஆவது என்றால் கறிவேப்பிலை. வேம்பைப் போல் கசக்கிறது, ஆனால் மரமாகாமல் தரையோடு நிற்கிறது என்றால் நிலவேம்பு. சமைப்பவருக்கும் மருந்து இடிப்பவருக்கும் வேண்டிய செய்தி அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இரண்டு செடிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை.

சில இடங்களில் ஊர்ப் பெயரும் தாவரவியலும் வியப்பூட்டும்படி ஒத்துப்போகின்றன. நெல்லி பெரிய மரம். அரைநெல்லி சிறிய மரம். கீழாநெல்லி முழங்கால் உயரம்கூட வராத களை. உருவத்தில் இவ்வளவு வேற்றுமை இருந்தும் மூன்றுக்கும் நெல்லி என்றே பெயரிட்டவர்கள், இலைகள் சிறு கிளையில் இருபுறமும் வரிசையாக அமைந்திருப்பதையும் காயின் வடிவத்தையும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். தாவரவியலும் இந்த மூன்றையும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் (குடும்பத்துக்குள் வரும் சிறு பிரிவு) வைத்திருக்கிறது.

முருங்கையில் கதை தலைகீழ். முருங்கை (மொரிங்கா ஒலிஃபெரா) மொரிங்கேசி குடும்பம். அந்தக் குடும்பத்தில் இருப்பதே மொரிங்கா என்ற ஒரு பேரினம்தான், அந்த லத்தீன் பெயரே நம் முருங்கையிலிருந்து போனது. கல்யாண முருங்கை (எரித்ரைனா வேரியகேட்டா) அவரைக் குடும்பம். தவசி முருங்கை நிலவேம்பின் குடும்பம். அதன் அறிவியல் பெயர் ஜஸ்டிசியா டிராங்க்பேரியென்சிஸ், ‘தரங்கம்பாடியைச் சேர்ந்தது’ என்று பொருள்.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே இருக்கும் அந்தச் சிறு துறைமுகம் லத்தீன் பெயருக்குள் நுழைந்தது எப்படி? தரங்கம்பாடி டென்மார்க்கின் வசம் இருந்த காலத்தில், 1768இல், யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் சுவீடனின் தாவரவியலாளர் கார்ல் லின்னேயசிடம் படித்தவர். சோழமண்டலக் கரையில் சேகரித்து உலர்த்திய செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு பெர்கெரா கோனிகி என்று பெயர் வைத்தார். நம் குழம்பில் தாளிக்கும் இலையின் பெயரில் அந்த மருத்துவர் இன்றும் இருக்கிறார். பிற்காலத்தார் அதை முர்ராயா பேரினத்துக்கு மாற்றியதால் நம் பாடநூல்களில் முர்ராயா கோனிகி என்று இருக்கும். அண்மை ஆய்வுகள் மறுபடியும் பெர்கெராவுக்கே கொண்டுவந்துவிட்டன. கோனிகி மட்டும் எந்த மாற்றத்திலும் போகவில்லை.

லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நம் பக்கத்துச் செடிகளை அவர் அறிந்தது பெரும்பாலும் பிறர் கொடுத்த படங்களாலும் உலர் செடிகளாலும்தான். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த ‘ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்’ என்ற மலபார்த் தாவரப் படநூல் அவற்றில் முதன்மையானது. அதற்கு மூலமான அறிவைத் தந்தவர்களில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்கள் மூவரும் இருந்தார்கள். இலங்கையில் பால் ஹெர்மன் சேகரித்த உலர் செடிகளைக் கொண்டு லின்னேயஸ் 1747இல் அத்தீவின் தாவரங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். கொடிவேலியின் பெயரில் (பிளம்பாகோ ஜெய்லானிக்கா) சிலோன் இருப்பதும், மேலாநெல்லியின் பெயரில் (ஃபில்லாந்தஸ் மேடராஸ்படென்சிஸ்) மதராசபட்டினம் இருப்பதும் இந்தப் போக்குவரத்தின் தடங்கள்.

இன்றைய தாவரப் பெயரிடலின் தொடக்கப் புள்ளி லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளான்டாரம்’. அதற்கு முன்பு ஒரு செடியின் லத்தீன் பெயர் ஒரு முழு வரி நீளத்துக்கு வருணனையாக ஓடும். அதைப் பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல்லாக அவர் சுருக்கினார். தமிழிலும் ஏறக்குறைய இதே கட்டமைப்பு இருக்கிறது: நெல்லி பேரினம் என்றால் கீழா, அரை என்பவை சிற்றினம். நம்மிடம் அடைமொழி முன்னால் வருகிறது, லத்தீனில் பின்னால். நம் அடைமொழிகளுக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. ‘சீமை’ என்றால் வெளியிலிருந்து வந்தது. ‘பேய்’ என்றால் வாயில் வைக்க முடியாதது. பேய்ப்பாகல், பேய்ப்புடல் என்பதுபோல. ‘காட்டு’ என்றால் யாரும் விதைக்காமல் முளைப்பது.

அறிவியல் பெயர் மாறுபடுவது இன்னொரு இடத்தில். ஒவ்வொரு பெயரும் ஒரு மூலமாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஏதோ ஓர் உலர்தாவரக் காப்பகத்தில், தாளில் ஒட்டப்பட்ட ஒரு குறிப்பிட்ட செடி. அது கிடைக்காதபோது ஒரு படம். “இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது?” என்று சண்டை வந்தால் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம். பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கம் அதை வெளியிட்டவரைச் சொல்லும். ‘எல்.’ என்ற ஒற்றை எழுத்து லின்னேயசுக்கு மட்டும் உரியது, ‘ராக்ஸ்ப்.’ என்றால் ஆந்திரக் கரையிலும் பிறகு கல்கத்தாவிலும் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பரோ. நம் இணையப் பட்டியல்களில் முதலில் காணாமல்போவது இந்தச் சுருக்கம்தான். அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். ஒரே லத்தீன் பெயரை இருவர் வெவ்வேறு செடிகளுக்கு வைத்த நிகழ்வுகள் உண்டு. அங்கே இந்தச் சுருக்கம் இல்லாமல் பெயர் பாதிதான்.

என் குறை அந்தப் பட்டியல்களின் மேல்தான். இடப்பக்கம் தமிழ்ப் பெயர், நடுவில் தாவரவியல் பெயர், வலப்பக்கம் குடும்பம். மூன்று கட்டங்களும் ஒரே அளவு உறுதியானவை போல அச்சாகியிருக்கும். உண்மையில் முதல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் கோடு யாரோ ஒருவர் செய்த முடிவு. செடியைப் பார்த்து, பூவைப் பிரித்து, நூலோடு ஒப்பிட்டுச் செய்தாரா, இன்னொரு பட்டியலைப் பார்த்து எழுதினாரா என்பது வாசகருக்குத் தெரியாது. கோடு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கீழாநெல்லியைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கீழாநெல்லி என்றால் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று நூறு புத்தகங்களில் படித்திருப்போம். அந்தப் பெயரை 1753இல் வைத்தவர் லின்னேயஸ். பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களைத் தொகுத்த ஹூக்கரின் நூலும் நம் ஊர்க் களைக்கு அதையே பயன்படுத்தியது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பேரினத்தை விரிவாக ஆராய்ந்த அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர், உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று தெளிவுபடுத்தினார். 1980களில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இங்குள்ள உலர் மாதிரிகளை மீண்டும் பார்த்தபோது, நம் நூல்கள் நிரூரி என்று எழுதிவைத்திருந்தது ஒரு செடிகூட இல்லை என்று தெரிந்தது. ஃபில்லாந்தஸ் அமாரஸ், ஃபில்லாந்தஸ் ஃபிராட்டர்னஸ், ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் என்ற மூன்று அதில் கலந்திருந்தன. தமிழ்நாட்டில் பரவலாக முளைப்பதும் கீழாநெல்லி என்று பெரும்பாலும் பறிக்கப்படுவதும் அமாரஸ். அதற்குப் பூவிதழ் ஐந்து, ஃபிராட்டர்னசுக்கு ஆறு. அந்தப் பூ கடுகளவுதான் இருக்கும், ஆகவே உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். தண்டு சிவந்து காய் சொரசொரப்பாக இருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. உலர்ந்து கட்டாகிக் கடைக்கு வந்துவிட்டால் இவற்றைப் பிரித்துச் சொல்வது தேர்ந்தவருக்கே கடினம்.

இதெல்லாம் வகைப்பாட்டாளர்களின் வீட்டுச் சண்டை என்று விட்டுவிட முடியாது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், நோபல் பரிசு பெற்ற பாருச் புளூம்பெர்க்குடன் சேர்ந்து, கல்லீரல் அழற்சி பி வைரசைச் சுமப்பவர்களுக்கு இந்தச் செடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. பெயரை அவர்கள் கவனமாக ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று குறித்திருந்தார்கள். செடியின் பொடியை உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரசின் மேற்பரப்புப் புரதம் பின்னர் தென்படவில்லை. வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் அப்படி ஆனது ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. அதன்பின் தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது எழுந்த கேள்விகளில் ஒன்று: எல்லாரும் ஒரே செடியைத்தான் பயன்படுத்தினார்களா, ஒரே செடியானாலும் ஒரே மண்ணில் விளைந்ததா? முரண்பாட்டுக்கு அது ஒன்றே காரணம் என்று யாரும் நிறுவிவிடவில்லை. ஆனால் செடி இன்னதென்று உறுதியாகாமல் அடுத்த கேள்விக்குப் போகவே முடியாது. (கீழாநெல்லி காமாலையைத் தீர்க்குமா என்பது வேறு விவகாரம். அதை மருத்துவரிடம் கேளுங்கள், பட்டியலிடம் அல்ல.)

இன்னொரு சிக்கல், அமாரசும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவியதாகவே இன்று கருதப்படுகிறது. அப்படியானால் பழைய சுவடிகளில் வரும் கீழாநெல்லி எது? இதற்கு லத்தீன் பெயர் விடை தராது. சுவடியில் மூலமாதிரி ஒட்டப்படவில்லை. அனிச்சத்துக்கும் இதே கதிதான். முகர்ந்தால் குழையும் என்று வள்ளுவர் சொன்ன பூவுக்கு அனகாலிஸ் ஆர்வென்சிஸ் என்று இணையமெங்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். அது ஐரோப்பாவில் வயல்வரப்பில் முளைக்கும் களை. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுக்கும் கட்டம் விடாமல் லத்தீன் நிரப்பிய பட்டியலைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். காந்தளைச் சொல்லலாம், ஆம்பலைச் சொல்லலாம். சிலவற்றுக்கு நேராகக் கட்டம் காலியாக இருப்பதுதான் நாணயம்.

உயிரோடு நிற்கும் செடிகளிலும் ஆள்மாறாட்டம் நடக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா. புல்தரை ஓரங்களில் அழகுக்காக நடப்படும் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. அதே மஞ்சள் பூ, தரையோடு படரும் அதே பழக்கம். இதை அது என்று நினைத்துப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். வடக்கே ‘பிராமி’ என்ற பெயரை நீர்ப்பிரமிக்கும் (பகோப்பா மொன்னியேரி) வல்லாரைக்கும் (சென்டெல்லா ஏஷியாட்டிகா) சேர்த்தே வழங்குகிறார்கள். முன்னது பிளான்டாஜினேசி, பின்னது கொத்தமல்லியின் குடும்பமான ஏபியேசி.

குடும்பம் என்ற மூன்றாவது கட்டத்தால் என்ன பயன்? பள்ளியில் மால்வேசி, சொலானேசி என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு அது பரீட்சைச் சங்கதியாகவே தங்கிவிட்டது. உண்மையில் களத்தில் மிகவும் கைகொடுப்பது அதுதான். கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இலை முழுக்க ஊசிப்புள்ளிகள் தெரியும், எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை இலையிலும் வில்வ இலையிலும் அதே புள்ளிகள்: ரூட்டேசி. துளசித் தண்டை விரலால் உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும்: லேமியேசி. செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாவற்றிலும் மகரந்தத் தாள்கள் ஒரே குழலாகச் சேர்ந்து சூல்தண்டைச் சுற்றி நிற்கும்: மால்வேசி. பத்துக் குடும்பங்களின் முகம் பழகிவிட்டால், பெயர் தெரியாத செடியைக்கூட எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

வேதியியலும் பெரும்பாலும் குடும்பத்தோடு போகிறது. செங்காந்தளை (குளோரியோசா சூப்பர்பா) திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கண்வலிக்கிழங்கு என்று உழவர்கள் சொல்வது இதைத்தான். விதையில் கால்சிசின் இருக்கிறது. கீல்வாதத்துக்கு ஐரோப்பாவில் காலங்காலமாகப் பயன்பட்ட கால்சிக்கம் செடியிலும் அதே வேதிப்பொருள். முன்பு இரண்டையும் லிலியேசி என்ற பெருங்கூட்டத்தில் வெங்காயத்தோடு வைத்திருந்தார்கள். இன்று இரண்டும் கால்சிகேசி; வெங்காயம் அமரில்லிடேசிக்குப் போய்விட்டது. கால்சிசின் நஞ்சும்கூட. கிழங்கை வேறு கிழங்கென்று எண்ணித் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. முருங்கை வேரின் காரநெடி கடுகை நினைவூட்டுவதும் தற்செயல் இல்லை. முருங்கை, கடுகு, பப்பாளி மூன்றும் குடும்பத்துக்கு மேல்நிலையில் பிராசிகேல்ஸ் என்ற ஒரே வரிசையில் வருகின்றன. காரத்துக்கு மூலமான குளுக்கோசினோலேட்டுகள் மூன்றுக்கும் பொது.

ஆனால் குடும்பத்தை அளவுக்கு மீறி நம்பினால் எட்டி உதைக்கும். எட்டி (ஸ்டிரிக்னாஸ் நக்ஸ்-வாமிகா) பெயர் பெற்ற நஞ்சு. கலங்கிய நீரைத் தெளியவைக்க மண்பானையின் உட்புறத்தில் உரைக்கும் தேற்றாங்கொட்டை ஸ்டிரிக்னாஸ் பொட்டட்டோரம். குடும்பம் மட்டுமல்ல, பேரினமே ஒன்று. எட்டிக் கொட்டையில் இருக்கும் ஸ்டிரிக்னின் தேற்றாங்கொட்டையில் இல்லை. ‘பொட்டட்டோரம்’ என்றால் ‘குடிப்பவர்களுக்கு உரியது’. கத்தரியும் தக்காளியும் உருளையும் ஊமத்தையும் புகையிலையும் ஒரே சொலானேசியில் இருப்பதை எண்ணிப் பார்த்தாலும் இது புரியும்.

அறிவியல் பெயர்கள் அடிக்கடி மாறுகின்றனவே என்ற எரிச்சல் நியாயமானது. மாற்றங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. தக்காளியை லின்னேயஸ் சொலானம் லைக்கோபெர்சிகம் என்றார். 1754இல் மில்லர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் தனிப் பேரினமாகப் பிரித்தார். மரபணு ஆய்வு மறுபடி சொலானத்தில் சேர்த்துவிட்டது. இது புதிய சான்றால் வந்த மாற்றம். 1998இல் தொடங்கி 2016 வரை நான்கு முறை வெளியான ஏ.பி.ஜி. (பூக்கும் தாவரங்களின் மரபுவழியை ஆராயும் பன்னாட்டுக் குழு) வகைப்பாடும் டி.என்.ஏ.வை வைத்துக் குடும்பங்களைத் திருத்தியது. எருக்கின் பழைய குடும்பமான அஸ்கிளிப்பியடேசி, அரளியின் அபோசைனேசிக்குள் கரைந்தது. தேக்கும் நொச்சியும் வெர்பினேசியிலிருந்து துளசியின் குடும்பத்துக்கு வந்தன. நெல்லி யூஃபோர்பியேசியை விட்டு ஃபில்லாந்தேசி ஆனது. பழைய நூலையும் புதிய நூலையும் கலந்து எடுத்த பட்டியலில் நெல்லிக்கு ஒரு குடும்பமும் கீழாநெல்லிக்கு வேறு குடும்பமும் இருப்பதைப் பார்க்கலாம். அவரைக் குடும்பத்தை ஓரிடத்தில் ஃபேபேசி என்றும் இன்னோரிடத்தில் லெகுமினோசே என்றும் போட்டிருந்தால் அது பிழை ஆகாது. புல், பனை, சூரியகாந்தி உள்ளிட்ட எட்டுக் குடும்பங்களுக்குப் பழைய பெயரையும் விதிகள் அனுமதிக்கின்றன.

இன்னொரு வகை மாற்றம் வாக்கெடுப்பால் வருவது. கருவேல மரம் அகேஷியா நிலோடிகாவாக இருந்தது. அகேஷியா என்ற பேரினப் பெயருக்கு மூலமாதிரியே அதுதான். பேரினத்தைப் பிரிக்க வேண்டும் என்று ஆய்வு காட்டியபோது ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ ஆயிரம் இனங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டிய நிலை. அதைத் தவிர்க்க, மூலமாதிரியை ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்ற 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு இசைந்தது. 2011இல் மெல்போர்னில் அது உறுதியானது. கருவேலம் வச்செல்லியா நிலோடிகா ஆனது. நிர்வாக வசதி என்று பார்த்தால் முடிவு சரி. அகேஷியாவுக்கே அடையாளமாக இருந்த மரம் அகேஷியா இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சீமைக் கருவேலத்தில் நம் பக்கத்துக்கு யோகம் அடித்தது. 2022இல் புரோசாபிஸ் பேரினத்தை உடைத்தபோது அமெரிக்க இனமான சீமைக் கருவேலம் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆகிவிட்டது; பழைய பெயர் வன்னி மரத்தோடு (புரோசாபிஸ் சினரேரியா) தங்கிவிட்டது. அரசு ஆவணங்களும் செய்தித்தாள்களும் இன்னும் பழைய பெயரில்தான் இருக்கின்றன. இங்கே ஊர்ப் பெயர் உறுதியாக நின்றது: வெட்ட வருபவருக்கு ‘சீமை’ என்ற அடைமொழி போதும், நாட்டுக் கருவேலம் தப்பிக்கும்.

பெயர் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் அறிவியல் பெயரை மாற்ற விதிகள் இடம் தருவதில்லை. புளிய மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பெயர் டாமரிண்டஸ் இண்டிகா, அப்படியே இருக்கும். ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையிலிருந்து வந்த ‘காஃப்ரா’ என்ற சிற்றினப் பெயரை ‘அஃப்ரா’ என்று திருத்த 2024இல் மாட்ரிட் மாநாடு முடிவு செய்தது மிக அரிதான விலக்கு.

தமிழ்ப் பெயர்களைப் பதிவு செய்வதில் நாம் இன்னும் சோம்பேறிகள். மனிஹாட் எஸ்குலென்டாவுக்கு மரவள்ளி என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். கொங்குப் பகுதியில் அது குச்சிக்கிழங்கு, கன்னியாகுமரியில் மரச்சீனிக்கிழங்கு; ஏழிலைக்கிழங்கு என்பாரும் உண்டு. மணத்தக்காளியைச் சுக்குட்டி என்றால் ஒரு மாவட்டத்தில் உடனே கீரை கிடைக்கும், இன்னொன்றில் விழிப்பார்கள். பப்பாளி யாழ்ப்பாணத்தில் பப்பாசி. பெயரோடு ஊரையும் எழுதாத பட்டியல் இவற்றையெல்லாம் ‘வேறு பெயர்கள்’ என்ற ஒரே கட்டத்தில் கொட்டிவிடுகிறது. பிறகு ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு செடிகளைக் குறிக்கும்போது யாராலும் பிரிக்க முடிவதில்லை.

அறிவியல் பெயர் இன்று ஏற்கப்பட்டதா என்று பார்க்க லண்டன் கியூ தோட்டத்தின் இணையத் தரவுத்தளம் இலவசமாகவே இருக்கிறது. பழைய பெயரைத் தட்டினால் புதிய பெயரும் குடும்பமும் பூர்வீகமும் வரும். தமிழ்ப் பெயருக்கு அப்படி ஓரிடம் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மதராஸ் உலர்தாவரக் காப்பகத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் காப்பகத்திலும் தாள்தாளாக ஒட்டிவைத்திருக்கும் செடிகளின் ஓரத்தில் சேகரித்தவரின் சிறு குறிப்புச் சீட்டு இருக்கும்: இடம், நாள், சேகரிப்பு எண், சில சமயம் அந்த ஊரார் சொன்ன பெயர். பட்டியல் தயாரிப்பவர் அந்தச் சேகரிப்பு எண்ணையும் ஊரையும் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவிட்டால், சந்தேகப்படுகிறவர் தாளை எடுத்துப் பூவிதழ் ஐந்தா ஆறா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.